ஆக்ராவில் குணமானவர்கள்

காசநோய், பிரசவ மரணம், புற்றுநோய், மாரடைப்பு என்று எதை எடுத்துக்கொண்டாலும் மருத்துவப் புள்ளிவிவரங்களில் நாடுகளின் வரிசை பெரிதாக மாறுவதில்லை. வசதியுள்ள நாட்டில் நோயாளி பிழைக்கிறார். வசதியில்லாத நாட்டில் அதே நோய்க்குப் பலியாகிறார். மருத்துவமனையும் மருந்தும் மருத்துவரும் எங்கே அதிகமோ அங்கே முடிவு நன்றாக இருக்கும் என்பதற்கு யாரும் சான்று கேட்பதில்லை.

1979-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஓர் ஆய்வறிக்கை இந்த வரிசையைக் கவிழ்த்துப் போட்டது. மனச்சிதைவு நோய் கண்டவர்களை ஒன்பது நாடுகளில் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி போய்ப் பார்த்தார்கள். இந்தியாவின் ஆக்ராவிலும் நைஜீரியாவின் இபாடானிலும் இருந்தவர்கள், லண்டன், வாஷிங்டன், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் ஆகிய நகரங்களின் நோயாளிகளைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள்.

மனச்சிதைவு சாதாரண நோயில்லை. இல்லாத குரல் காதில் கேட்கும். பக்கத்து வீட்டார் தனக்கெதிராகச் சதி செய்கிறார்கள் என்ற நம்பிக்கை எந்தச் சமாதானத்துக்கும் அசையாது. பேச்சு கோவையிழக்கும். இவற்றைவிட அமைதியாக, இவற்றைவிட நீண்ட காலத்துக்கு, எதிலும் ஆர்வமில்லாத ஒரு மந்தம் ஆளைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதிக்கும் முப்பது வயதுக்கும் இடையில், படிப்பும் வேலையும் கல்யாணமும் தொடங்குகிற நேரத்தில் வருகிறது. உலகம் முழுக்க ஏறத்தாழ 2.3 கோடிப் பேருக்கு, அதாவது 345 பேரில் ஒருவருக்கு, இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அத்தனை பேரின் குடும்பங்களும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: இது சரியாகிவிடுமா?

ஆக்ராவில் சரியாகிறது, லண்டனில் ஆவதில்லை என்று ஓர் ஆய்வு சொன்னால் அந்தப் பதில் எப்படிக் கிடைத்தது என்று பார்க்கத்தானே வேண்டும்? அப்படிப் பார்ப்பதற்கு மனநல ஆராய்ச்சிக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன. ஓர் ஆய்வின் முடிவு அதில் இடம்பெற்றவர்களைப் பொறுத்தது போலவே இடம்பெறாதவர்களையும் பொறுத்தது என்பது அந்த நாற்பது ஆண்டுகளில் தெரியவந்த மிக முக்கியமான விஷயம்.

முடிவை வைத்துப் பெயர் சூட்டியவர்

ஜெர்மானிய மனநல மருத்துவர் எமில் கிரெப்பெலின் ஹைடல்பெர்க் மருத்துவமனையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை எழுதிவைத்தார். சேரும்போது இருந்த அறிகுறிகளைக் குறித்துக்கொண்டதோடு நில்லாமல், அந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்பதையும் தேடிச் சேர்த்தார். அட்டைகளைப் பல ஆண்டுகள் மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்ததில் அவருக்கு இரண்டு குவியல்கள் கிடைத்தன. ஒன்றில் இருந்தவர்கள் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் போய்விட்டுத் திரும்பிவந்தார்கள். மற்றதில் இருந்தவர்கள் படிப்படியாகச் சரிந்தார்கள். 1899-ல் வெளிவந்த அவருடைய பாடநூலின் ஆறாம் பதிப்பு இந்தப் பிரிவினையை மருத்துவ உலகில் நிலைநாட்டியது. இரண்டாவது குவியல்தான் பின்னாளில் மனச்சிதைவு நோய் ஆனது.

அட்டை எழுதியது அருமையான யோசனை. ஆனால் அதற்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. சரிந்து போவதுதான் நோயின் இலக்கணம் என்றால், குணமான ஒருவரைப் பார்த்து "இவருக்கு அந்த நோயே வந்திருக்காது" என்று சொல்லிவிடலாம். அந்தக் கணக்கில் யாரும் எப்போதும் குணமாக முடியாது. சுவிட்சர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர் 1911-ல் எழுதிய நூலில், சரிவு எல்லோருக்கும் விதிக்கப்பட்டதில்லை என்று வாதிட்டார். ஆனாலும் கிரெப்பெலினின் இருண்ட கணிப்பு நெடுங்காலம் மருத்துவமனைச் சுவர்களுக்குள் ஆட்சி செய்தது.

ஐரோப்பாவில் பார்த்த நோய் வேறு மண்ணிலும் இருக்கிறதா என்று அறிய கிரெப்பெலின் 1904-ல் ஜாவாவுக்கே போய்வந்தார். அங்கும் அது இருந்தது. அறிகுறிகள் வெளிப்படும் விதத்தில் வேறுபாடுகளும் தெரிந்தன. ஒப்பிட்டுப் பார்க்கும் மனநல மருத்துவம் ஒன்று வேண்டும் என்று அப்போதே எழுதினார்.

அந்த ஒப்பீடு தொடங்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. முதல் தடை மருத்துவர்களேதான். ஒரே நோயை இரண்டு நாட்டு மருத்துவர்கள் ஒரே பெயரில் அழைத்தார்களா என்பதே தெரியாமல் இருந்தது. நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோயாளிகள் குவிந்திருந்தார்கள். லண்டனில் அவ்வளவு பேர் இல்லை. வித்தியாசம் நோயாளிகளிடமா மருத்துவர்களிடமா? ராபர்ட் கெண்டலும் அவருடன் பணியாற்றியவர்களும் சில நோயாளிகளின் நேர்காணலைப் படமெடுத்து, அதை இரு நாட்டு மனநல மருத்துவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். 1971-ல் வெளியான முடிவுகளில் ஒரு நோயாளியின் கதை இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. அமெரிக்க மருத்துவர்களில் 69 விழுக்காட்டினர் அவருக்கு மனச்சிதைவு என்றார்கள். பிரிட்டிஷ் மருத்துவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 2 விழுக்காடுதான். நோயாளி ஒருவரே, பார்த்த படமும் ஒன்றே. அட்லாண்டிக்கைத் தாண்டினால் நோயின் பெயர் மாறியது.

ஒன்பது நகரங்கள், ஒரே கேள்வித்தாள்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் உலக சுகாதார நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் ஒரு பன்னாட்டு ஆய்வைத் தொடங்கியது. ஆர்ஹுஸ், ஆக்ரா, கொலம்பியாவின் காலி, இபாடான், லண்டன், மாஸ்கோ, பிராக், தைபே, வாஷிங்டன் ஆகியவை அதன் மையங்கள். மொத்தம் 1,202 நோயாளிகள். லண்டனில் ஜான் விங் உருவாக்கியிருந்த நேர்காணல் முறையைப் பல மொழிகளில் பெயர்த்து, எல்லா ஊர் மருத்துவர்களுக்கும் ஒரே விதமாகக் கேட்கவும் ஒரே விதமாக மதிப்பிடவும் பயிற்சி கொடுத்தார்கள். ஆக்ராவில் பணியை நடத்தியவர் அங்கிருந்த மனநோய் மருத்துவமனையின் கே. சி. துபே.

ஒன்பது இடங்களிலும் அதே நோயை அடையாளம் காண முடிகிறது என்பது முதல் வெற்றி. நோயின் போக்கு ஊருக்கு ஊர் இவ்வளவு மாறும் என்பது எதிர்பாராத விளைவு. இரண்டாண்டு முடிவில் தெரிந்த வித்தியாசம் ஐந்தாண்டு முடிவிலும் மறையவில்லை.

உடனே ஓர் எதிர்ப்பு எழுந்தது. இவர்கள் மருத்துவமனையில் ஏற்கெனவே இருந்தவர்கள், அவரவர் வந்துசேர்ந்த வழி வேறுவேறு, எனவே ஒப்பிட முடியாது என்றார்கள். எதிர்ப்பு நியாயமானது. அதனால் 1978-ல் இன்னும் கவனமான இரண்டாம் ஆய்வு தொடங்கியது. பத்து நாடுகளில் பன்னிரண்டு மையங்கள், 1,379 பேர். இந்தியாவிலிருந்து ஆக்ராவும் சண்டிகரும் சேர்ந்தன. சண்டிகரில் நகரத்தையும் சுற்றியிருந்த கிராமங்களையும் தனித்தனியாகப் பார்த்தார்கள். நோய் வந்து முதன்முறையாக உதவி தேடுகிறவர்களை மட்டும் எடுத்தார்கள். மருத்துவமனை வாசலோடு நிற்காமல் மந்திரவாதிகள், வைத்தியர்கள், மதத் தலங்கள் என்று மக்கள் போகக்கூடிய இடங்களையும் கணக்கில் கொண்டார்கள்.

1992-ல் வெளிவந்த முடிவும் அதே திசையில் இருந்தது. வளரும் நாடுகளில் ஏறத்தாழ 63 விழுக்காட்டினருக்கு நோய் வந்தாலும் இடையில் முழுமையாகத் தணிந்திருந்தது. வளர்ந்த நாடுகளில் அது 37 விழுக்காடு. நோய் திடீரென்று தாக்கியவர்கள் விரைவில் தேறுவது வழக்கம், அத்தகையோர் வளரும் நாடுகளில் அதிகம் என்பது உண்மை. ஆனால் மெல்ல மெல்ல நோய்வாய்ப்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோதும் இடைவெளி இருந்தது. கிம் ஹாப்பரும் ஜோசப் வாண்டர்லிங்கும் 2000-ல் இந்தத் தரவுகளை மறுபடி கிளறி, பின்தொடர முடியாமல் போனவர்கள், பால், வயது, நோய்க் கணிப்பில் தவறு என்று ஒவ்வொரு காரணமாகச் சோதித்தார்கள். எதைக் கழித்தாலும் வித்தியாசம் கரையவில்லை.

ஏன்?

விளக்கங்கள் வரிசை கட்டி வந்தன. அவற்றில் மிகுந்த ஆராய்ச்சிப் பின்புலம் உள்ளது குடும்பம் பற்றியது.

1950களின் இறுதியில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஆண்களில் யாருக்கு நோய் மறுபடி வருகிறது என்று ஆராய்ந்தார். தனி அறை எடுத்துத் தங்கியவர்களைவிட, பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களுக்குத்தான் அதிகமாகத் திரும்பியது. பாசமுள்ள இடத்தில் ஏன் இப்படி? வீட்டாரோடு நீண்ட நேர்காணல்கள் நடத்தி, அவர்கள் நோயாளியைப் பற்றிப் பேசும் வார்த்தையையும் அதைச் சொல்லும் தொனியையும் அளந்தார்கள். குறை சொல்லல், வெறுப்பு, அளவுக்கு மீறிய பதற்றம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மிகுந்த வீடு, மிகாத வீடு என்று பிரித்தார்கள். 1972-ல் பிரவுன், பர்லி, விங் மூவரும் வெளியிட்ட ஆய்வில், முதல் வகை வீடுகளுக்குத் திரும்பியவர்களில் 58 விழுக்காட்டினருக்கு நோய் மீண்டது. இரண்டாம் வகையில் 16 விழுக்காடு.

இதே அளவுகோலை ஜூலியன் லெஃப், என். என். விக் ஆகியோரின் குழு சண்டிகருக்குக் கொண்டுவந்தது. அங்கே முதல் வகையில் சேர்ந்த உறவினர்கள் 23 விழுக்காடுதான், லண்டனில் கண்டதைவிட மிகவும் குறைவு. கிராமங்களில் இன்னும் குறைவு. வயலில், கடையில், வீட்டில் ஏதோ ஒரு சிறு வேலையைச் செய்துகொண்டு ஒருவர் இருந்துவிட முடிந்தது. நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகும் அலுவலகத்தில் அது முடியாது. நோய் அவரிடமிருந்து பிறந்தது என்று எண்ணாமல் கிரகம், செய்வினை என்று வெளியே காரணம் தேடும் வழக்கமும் பழியைக் குறைத்திருக்கலாம் என்றார்கள் சிலர்.

குடும்பத்தைச் சிகிச்சைக்குள் இழுத்துக்கொண்ட மருத்துவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரங்கள் போட்டு, நோயாளியோடு வீட்டாரையும் தங்கவைத்தார். 1954-ல் நைஜீரியாவின் அபெயோகுடாவில் தாமஸ் அடியோயே லாம்போ, மருத்துவமனையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நோயாளியும் ஓர் உறவினரும் சேர்ந்து குடியிருக்க ஏற்பாடு செய்தார். இரண்டும் ஆட்களும் கட்டில்களும் போதாத நிலையில் பிறந்தவை. பின்னால் அவையே முன்மாதிரி ஆயின.

இன்னொரு விளக்கம் இன்றும் இணையத்தில் வலம்வருகிறது. இரண்டாம் ஆய்வில், பின்தொடர்ந்த காலத்தின் முக்கால் பங்குக்கு மேல் மனநோய் மருந்து சாப்பிட்டவர்கள் வளரும் நாடுகளில் 16 விழுக்காடு, வளர்ந்த நாடுகளில் 61 விழுக்காடு. அப்படியானால் மருந்துதான் கெடுத்ததா? இந்தத் தாவல் தவறு. நோய் கடுமையாக நீடிக்கிறவருக்குத்தான் மருந்து தொடரும். தணிந்தவர் நிறுத்திவிடுவார். எது காரணம், எது விளைவு என்று இந்தக் கணக்கால் பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமானால் சீட்டுக் குலுக்கியதுபோல் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் தர வேண்டும். அப்படி நடந்த 65 சோதனைகளைத் தொகுத்து 2012-ல் ஸ்டெஃபான் லாய்ஷ்ட் குழு வெளியிட்ட கணக்கில், ஓராண்டுக்குள் நோய் மீண்டவர்கள் மருந்து சாப்பிட்டவர்களில் 27 விழுக்காடு, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 64 விழுக்காடு. பக்கவிளைவுகள் உண்மை, எத்தனை ஆண்டு தொடர வேண்டும் என்ற விவாதமும் உண்மை. மருந்தில்லாத வறுமைதான் மருந்து என்ற முடிவுக்கு மட்டும் இடமில்லை.

சென்னையின் 90 பேர்

பன்னாட்டு ஆய்வு நாடுகளை ஒப்பிட்டது. ஒரே ஊரில் ஒரே ஆட்களை விடாமல் தொடர்ந்தால் என்ன தெரியும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980களின் தொடக்கத்தில் மதராஸ், வேலூர், லக்னோ ஆகிய மூன்று ஊர்களில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. மதராஸில் அரசுப் பொது மருத்துவமனைக்கு முதல்முறையாக மனச்சிதைவு நோயோடு வந்த 90 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். கழகத்தின் திட்டம் முடிந்தபோதும் மதராஸ் குழு அவர்களை விட்டுவிடவில்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் சாரதா மேனன் 1984-ல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். டாக்டர் ஆர். தாராவும் சக ஆய்வாளர்களும் அங்கிருந்து அந்த 90 பேரைத் தேடித் தேடிப் போனார்கள்.

கைபேசி இல்லாத காலத்தில் இது எளிய வேலையில்லை. வாடகை வீடு மாறினால் முகவரி போயிற்று. கல்யாணமாகிப் போன பெண்ணைப் பற்றி விசாரித்தால், புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மறைத்துவைத்த நோய் வெளியே வந்துவிடும் அபாயம் உண்டு. அப்படியும் பத்தாண்டு முடிவில் 76 பேரின் நிலை தெரிந்தது. உலகில் எங்கும் இது பெருமைப்படத்தக்க எண்ணிக்கை.

பத்தாண்டுச் செய்தி நல்ல செய்தி. பெரும்பாலோருக்கு அறிகுறிகள் தணிந்திருந்தன. ஆண்களில் பலர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பலருக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. மேற்கத்திய ஆய்வாளர்களுக்கு இது வியப்பு. இருபதாண்டு முடிவில் 61 பேரைப் பார்க்க முடிந்தது. ஒருமுறை வந்து முற்றிலும் விலகிப்போன நோய் 5 பேருக்கு மட்டுமே. இடைவிடாமல் நோயிலேயே கிடந்தவர்களும் 5 பேர்தான். மற்ற அனைவரும் இந்த இரு முனைகளுக்கும் நடுவில், நோய் வருவதும் தணிவதுமாக, சில முறை முழுவதும் தேறி, சில முறை பாதி தேறி வாழ்ந்திருந்தார்கள். 90-க்கும் 61-க்கும் இடைப்பட்ட கணக்கில் இளம்வயது மரணங்கள் இருந்தன, தற்கொலைகளும் இருந்தன. உயிரோடு இருப்பவர்களை மட்டும் எண்ணிக் "குணமானோர் விழுக்காடு" சொன்னால் செத்தவர்கள் கணக்கிலிருந்தே நழுவிவிடுகிறார்கள்.

கல்யாணம் நடந்தது என்ற நல்ல செய்தியையும் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. நோயுள்ள கணவனை மனைவி பெரும்பாலும் விட்டுப் போகவில்லை. நோயுள்ள மனைவியைக் கணவன் வீடு திருப்பி அனுப்பியது. அப்படிப் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்களைப் பற்றித் தாராவின் குழு தனியாகவே ஓர் ஆய்வு செய்தது. சட்டப்படி விவாகரத்தும் இல்லை, ஜீவனாம்சமும் இல்லை, வயதான பெற்றோருக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குப் பதிலும் இல்லை. நோயைவிடப் பிரிவுதான் பெரிய களங்கமாக அவர்களுக்குத் தெரிந்தது. இந்தியக் குடும்பம் தாங்குகிறது என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் இவர்கள் அடங்கமாட்டார்கள்.

வாசலுக்கே வராதவர்கள்

90 பேரும் மருத்துவமனைக்கு வந்தவர்கள். வராதவர்கள்?

சென்னையில் ஆர். பத்மாவதி, எஸ். ராஜ்குமார், டி. என். சீனிவாசன் மூவரும் நகரத்தின் ஒரு பகுதியில் வீடு வீடாகப் போய் மனச்சிதைவு நோயாளிகளைக் கண்டுபிடித்தார்கள். 1998-ல் வெளியான அந்த ஆய்வில் கிடைத்தவர்கள் 261 பேர். அவர்களில் 75 பேர் எந்தச் சிகிச்சையும் எப்போதும் பெறாதவர்கள். மருத்துவமனைகள் நிறைந்த ஒரு பெருநகரத்தின் நிலை இது. சிகிச்சை பெறாதவர்களுக்கு நோய் முற்றியிருந்தது, அன்றாடச் செயல்பாடு குறைந்திருந்தது. அவர்களில் அதிகம் பேர் கூட்டுக் குடும்பத்தில் இருந்தார்கள். எந்தக் கூட்டுக் குடும்பம் நோயாளியைத் தாங்குவதாகப் பாராட்டப்பட்டதோ, அதுவே அவரைப் பொறுத்துக்கொண்டு, ஒரு மூலையில் இருக்கவிட்டு, மருத்துவரிடம் அழைத்துப்போகாமலும் இருந்திருக்கிறது.

எத்தியோப்பியாவின் புட்டாஜிரா என்ற கிராமப்புறப் பகுதியில் 68,000-க்கும் மேற்பட்டவர்களைச் சல்லடை போட்டு நோயாளிகளைக் கண்டறிந்து பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலோர் மருந்தையே பார்த்திராதவர்கள். அங்கே நோயின் போக்கு சொல்லப்பட்டதுபோல் இனிமையாக இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தொடர்ந்து நோயிலேயே இருந்தார். வயதுக்கு முந்திய மரணங்களும் அதிகம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி மனநோயாளிகளுக்காக நடந்துவந்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவை குடும்பங்கள்தான். இத்தகையவர்களைப் பின்தொடர் ஆய்வுகள் எளிதில் எட்டுவதில்லை.

இதற்கெல்லாம் பிறகு 2008-ல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் படேல், தாரா, நைஜீரியாவின் ஓயே குரேஜே நால்வரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வறிய, நடுத்தர வருவாயுள்ள 11 நாடுகளில் நடந்த 23 நீண்டகால ஆய்வுகளை அடுக்கிப் பார்த்து, "வளரும் நாடுகளில் மனச்சிதைவு நன்றாகத் தேறும்" என்பதை இனி ஐயத்துக்கு இடமில்லாத உண்மையாகச் சொல்ல முடியாது என்றார்கள். ஊருக்கு ஊர் முடிவுகள் பெரிதும் மாறின. மரணம், வேலையின்மை, முறிந்த மணவாழ்வு ஆகியவை கணக்கில் சரியாக ஏறவில்லை. இரண்டாம் பன்னாட்டு ஆய்வில் "வளரும் நாடுகள்" என்ற பெரிய சொல்லுக்குள் இருந்தவை இந்தியா, கொலம்பியா, நைஜீரியா மூன்றே நாடுகள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சென்னையிலிருந்து நல்ல செய்தி சொன்ன தாராவே இந்தக் கேள்வியை எழுப்பியவர்களில் ஒருவர். தங்களுக்குப் பெருமை தரும் முடிவையே சந்தேகிக்கத் துணிவது அறிவியலில் அடிக்கடி நடப்பதில்லை. பன்னாட்டு ஆய்வை நடத்திய அசென் ஜாப்ளென்ஸ்கியும் நார்மன் சார்டோரியஸும் அதே ஆண்டு பதில் எழுதினார்கள். நாங்கள் சொன்னது சராசரியைத்தான், ஏழை நாட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று நாங்கள் எங்கும் சொல்லவில்லை, வித்தியாசம் உண்மையானதே என்பது அவர்கள் வாதம்.

எஞ்சி நிற்பது

யார் வென்றார்கள்? நாடுகளுக்கிடையிலான போட்டியாகப் பார்த்தால் விடை கிடைக்காது. ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒரு விஷயம் கிரெப்பெலினைச் சாய்த்துவிட்டது. நோயாளிகளைப் பதினைந்து முதல் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத் தேடிப்பார்த்த பன்னாட்டுத் தொடர் ஆய்வு 2001-ல் வெளிவந்தது. அதில் சென்னையும் ஒரு மையம். கண்டுபிடிக்க முடிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தேறியவர்களாக மதிப்பிடப்பட்டார்கள். சரிவு விதியில்லை. நோயின் போக்கை நோய் மட்டும் தீர்மானிப்பதில்லை, அது வந்துவிழும் வாழ்க்கையும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

அந்த வாழ்க்கையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதே இப்போதைய தேடல். ஆர். ரகுராமும் குழுவினரும் திண்டுக்கல் பகுதியில் முத்துசுவாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரை ஆராய்ந்து 2002-ல் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரத் தங்கலில் அறிகுறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. அங்கே பெரிய சடங்கு எதுவும் இல்லை. கூட ஓர் உறவினர், எளிய கோயில் வேலைகள், விரட்டாத சூழல், அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாததால் இதைச் சிகிச்சை என்று நிரூபணமாகச் சொல்ல முடியாது. விரட்டாத சூழலுக்கு ஏதோ ஒரு பங்கு இருக்கிறது என்ற ஊகத்தை மட்டும் வலுப்படுத்துகிறது.

மானுடவியலாளர் தான்யா லூர்மனும் சக ஆய்வாளர்களும் கலிஃபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் இருபது இருபது நோயாளிகளிடம் அவர்களுக்குக் கேட்கும் குரல்களைப் பற்றிப் பேசினார்கள். அமெரிக்கர்களுக்குக் கேட்டவை பெரும்பாலும் முகமறியாத, வன்முறையைத் தூண்டும் குரல்கள். சென்னையில் பலருக்குக் கேட்டவை அம்மா, மாமியார், அக்கா என்று தெரிந்த குரல்கள். அவை திட்டின, குளிக்கச் சொல்லின, வீட்டு வேலை ஏவின. அறிகுறிக்குள்ளேயே ஊர் நுழைந்திருக்கிறது.

ஊகத்தைச் சோதனையாக மாற்றிய முயற்சி 2014-ல் வெளிவந்தது. காஞ்சிபுரம், கோவா, சத்தாரா ஆகிய மூன்று இடங்களில் 282 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றக் குழுவுக்கு அதே சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கே வருவார். மருந்தை நினைவூட்டுவார், வீட்டாரிடம் நோயைப் பற்றிப் பேசுவார், வேலைக்கும் அரசு உதவித்தொகைக்கும் வழி பார்ப்பார். ஓராண்டு முடிவில் இரண்டாம் குழுவுக்கு அறிகுறியும் செயலிழப்பும் சற்றே அதிகமாகக் குறைந்தன. பலன் பெரிதில்லை. ஆனால் மூன்று இடங்களில் அது கூடுதலாகத் தெரிந்தது காஞ்சிபுரத்தில். மருத்துவமனையும் மருத்துவரும் எட்டாத கிராமங்கள் கொண்ட பகுதி அது.

ஆக்ராவில் ஏதோ ஒன்று மக்களைக் காத்தது என்றால், அது மண்ணின் மகிமையென்று பாராட்டிவிட்டுப் போவதில் பயனில்லை. கூட ஒருவர் இருப்பது, செய்ய ஒரு வேலை இருப்பது, குத்திக்காட்டாத பேச்சு, தடையில்லாமல் கிடைக்கும் மருந்து ஆகியவற்றைப் பிரித்தெடுத்து, சோதித்து, அவை இல்லாத வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்று காஞ்சிபுரத்துப் பணியாளர்கள் காட்டினார்கள். குடும்பம் இருந்தால் அதற்குத் துணை வேண்டும். குடும்பம் கைவிட்டால் அரசு அந்த இடத்தில் நிற்க வேண்டும். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சிகிச்சையைக் குடிமக்களின் உரிமையாக அறிவித்ததும், சங்கிலியால் கட்டுவதைத் தடைசெய்ததும் இந்தத் திசையில்தான்.

இபாடான், டிரினிடாட், நம் காஞ்சிபுரம் ஆகிய மூன்று இடங்களில் அண்மையில் தொடங்கிய ஆய்வு, மருத்துவமனைப் பதிவேட்டோடு நிற்காமல் கிராமத்தவர்களிடமும் சாமியாடிகளிடமும் பூசாரிகளிடமும் கேட்டு நோயாளிகளைத் தேடியது. நாற்பது ஆண்டுச் சண்டையின் பாடம் அதன் முறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இது சரியாகிவிடுமா என்று கேட்கும் தாய்க்கு ஒரு மருத்துவர் இன்று நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் இதுதான்: பலருக்குப் பெருமளவு சரியாகிறது, சிலருக்கு ஆவதில்லை, யாருக்கு என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது, ஆனால் அதில் ஒரு பங்கு நம் கையில் இருக்கிறது. எவ்வளவு பங்கு என்பதை அறிய, தேடி வந்தவர்களோடு தேடி வராதவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.